இரண்டாம் மூன்றாம் பக்கங்கள்

தபாலில் வந்தது.
தப்பான உறைக்குள் வந்தது:
டெட்ராய்ட்டின் ஏதோ தேவாலயப் பாடகர் குழு,
முப்பத்திரண்டு பேர், ஒரே நீல அங்கி.
உள்ளே இருந்தது அவர்கள் அல்ல.

துண்டுச் சீட்டில் ஃப்ரான்சீன் எழுதியிருந்தாள்:
"ஆர்டீலியா, இது உன்னுடையது என்று
லான்சோ சொல்லிக்கொண்டே இருந்தார்."
இருந்தார்.
அந்தச் சொல்லுக்கு மேல்
அவள் எதையும் எழுதவில்லை.

அறுபத்தொன்பதில் வாங்கிய இரட்டைத் தட்டு.
டொலிடோ கண்ணாடி ஆலையில்
எனக்கு இரவு ஷிஃப்ட், அவனுக்குப் பகல்.
ஆளுக்கு மூன்று டாலர் போட்டோம்.
உறையில் ஐந்து பேர்
தண்ணீரில்லாத நீச்சல் குளத்தில்
குளிர்கோட்டோடு நிற்கிறார்கள்.
ஆர்கன் வாசிப்பவள் மட்டும் குடை விரித்திருக்கிறாள்.
மழை வரப்போகிறது என்றான் அவன்.
வெறும் பாவனை என்றேன் நான்.
ஒரு மாதம் ஓடியது அந்தத் தர்க்கம்.

அந்தக் காலத்து ப்ளேயர்
தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் தானே இறக்கும்.
அதற்குத் தோதாக
முதல் பக்கத்தின் முதுகில் நான்காவதை வைத்திருந்தார்கள்.
இரண்டும் மூன்றும் இன்னொரு தட்டில்.

எழுபத்தெட்டில் பிரிந்தோம்.
சோபா அவனுக்கு. கார் எனக்கு.
கடன் சரிபாதி.
பாட்டுத் தட்டுகளுக்கு வந்தபோது
இருவருக்கும் அலுத்துவிட்டிருந்தது:
எழுத்து வரிசையில் பாதி சோல் இங்கே, பாதி அங்கே.
இதை மட்டும் யாரும் விடவில்லை.
உறையைத் திறந்து ஒன்றை உருவிச்
சட்டைக்குள் செருகிக்கொண்டு
படியிறங்கிப் போனான்.

ஆக, தொடக்கமும் முடிவும் என்னிடம்.
நடு அவனிடம்.

நாற்பத்தைந்து வருஷம் அப்படியே கேட்டேன்.
டிரம் இடித்து ஆரம்பிக்கும்,
தட்டைத் திருப்பினால் எல்லாரும் விடைபெறுவார்கள்.
ஃபோனில் தேடினால் முழுசும் வரும்மா என்றாள் மகள்.
வரும். தெரியும்.

இன்று சமையலறை மேசையில் ப்ளேயரை வைத்து
இரண்டாம் பக்கத்தைப் போட்டேன்.
சொன்னால் சொன்னதுதான்: அப்படியொன்றும் பிரமாதமில்லை.
காலத்தை ஆறு என்று சொல்ல மூன்று பாட்டு;
ஒன்றே அதிகம்.
கிடாரிஸ்ட் தன்னையே கேட்டுக் கிறங்குகிறான்.
ஆனால் அந்த டிரம்மர்!
இருபது வயதில் அவனை நான் கவனிக்கவே இல்லை.
ஒவ்வொரு அடியையும் ஒரு மயிரிழை தாமதித்து வைக்கிறான்,
கடைசிப் படியில் கால் வைக்குமுன் யோசிக்கிறவனைப் போல.

மூன்றாம் பக்கத்தைத் திருப்பியபோது தெரிந்தது.
மற்ற இடமெல்லாம் கறுப்பு மினுங்க,
நடுவே சுண்டுவிரல் அகலம்
சாம்பல் பூத்திருந்தது.
அதை மட்டும் போட்டுப் போட்டுத்
தேய்த்திருக்கிறான்.

ஊசி அங்கே போனது.
பாட்டை மூடிக்கொண்டு ஒரே இரைச்சல்,
தகரக் கூரையில் மழை கொட்டுவதுபோல.
அதற்கடியில் எங்கோ ஆர்கன்.
வார்த்தையே இல்லை. இரண்டு நிமிஷம் இருக்கலாம்.
ஒன்பது வருஷம் ஒரே வீட்டில்
நானும் கேட்டிருக்க வேண்டும்.
எனக்கு அது நினைவே இல்லை.

மூன்று முறை ஊசியைத் தூக்கி வைத்தேன்.
பிறகு இரண்டு தட்டையும் பழைய உறைக்குள் நுழைத்தேன்.
ஒற்றைத் தட்டுக்குப் பழகிய அட்டை
வாயை மூட மறுத்தது.

ஃப்ரான்சீனுக்குப் போன் செய்தேன்.
துக்கம் விசாரித்தேன், முறையாக.
அப்புறம், அந்த வார்த்தையில்லாத பாட்டு, என்று இழுத்தேன்.
"அதுவா, ஞாயிற்றுக்கிழமை கார் கழுவும்போது போடுவார்.
ஜன்னலைத் திறந்து வைத்து.
தெருவுக்கே கேட்கும்."

என்ன கார் என்று கேட்டேன்.
ஏன் கேட்டேனோ.

பச்சை, என்றாள்.